குறைந்த இரத்த அழுத்தம்

குறைந்த இரத்த அழுத்தம் அல்லது தாழ் இரத்த அழுத்தம் என்பது, தமனிகளில் ஓடும் இரத்தம் அவற்றின் சுவர்மீது செலுத்தும் அழுத்தம் இயல்பைவிடக் குறைந்திருக்கும் நிலையாகும். பேச்சு வழக்கில் இதனை 'லோ பி.பி.' என்பர். பெரியவர்களுக்கு மேல் அளவு 90 மி.மீ. பாதரசத்துக்குக் கீழோ, கீழ் அளவு 60-க்குக் கீழோ இருந்தால் அது குறைந்த அழுத்தமாகக் கொள்ளப்படுகிறது.

ஆனால் உயர் இரத்த அழுத்தத்தைப் போல எண்ணை மட்டும் வைத்து இதனை நோய் என்று சொல்லிவிட முடியாது. மேல் அளவு 88 இருந்தும் எந்தத் தொல்லையும் இன்றி ஓடியாடி வேலை செய்யும் இளம்பெண்கள் பலர் உண்டு. எப்போதும் 150 இருக்கும் முதியவருக்குத் திடீரென்று 105 ஆனால் அவர் மயங்கி விழலாம். 105 என்பது தாளில் பார்க்க நல்ல எண்தான். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது, கூடவே என்ன அறிகுறி வந்தது, எதனால் குறைந்தது என்று நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அவற்றில் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் மருத்துவம் தொடங்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. அத்திட்டம் தேடுவது உயர் அழுத்தத்தை, அது சரியானதும்கூட. ஆனால் தங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டவர்கள் பெருகியதால், சற்றே குறைந்த எண்ணைக் கண்டு பயப்படுபவர்களும் பெருகியிருக்கிறார்கள். உடனே ஊறுகாயை அள்ளிச் சாப்பிடுவது, உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, வழக்கமான மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது என்று மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றில் இறங்கிவிடுகிறார்கள். மூன்றாவது வழி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடியது.

அழுத்தம் எப்படி உண்டாகிறது?

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு எளிதில் புரியும். குழாயில் தண்ணீர் வேகமாக வர மூன்று வேண்டும்: மோட்டார் நன்றாக ஓட வேண்டும், தொட்டியில் போதிய தண்ணீர் இருக்க வேண்டும், குழாய் அளவுக்கு மீறி அகலமாக இருக்கக்கூடாது. உடலில் மோட்டார் இதயம், தண்ணீர் இரத்தம், குழாய் இரத்தக் குழாய்கள். குறைந்த அழுத்தத்துக்கு எத்தனை காரணங்களை எழுதினாலும் அவை இந்த மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கிவிடும். மாரடைப்பில் மோட்டார் தளர்கிறது. வயிற்றுப்போக்கிலும் இரத்தப்போக்கிலும் தண்ணீர் குறைகிறது. கடும் ஒவ்வாமையிலும் இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்றிலும் குழாய்கள் விரிந்துவிடுகின்றன.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் அளவு. விரிந்து ஓய்வெடுக்கும்போது உள்ளது கீழ் அளவு. இந்த அழுத்தத்தை முதலில் அளந்து எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். எட்டு அடிக்கு மேல் ஏறியது. இதனை அவர் 1733-இல் வெளியிட்டார். குதிரைக்கு அது நல்ல நாளாக இருந்திருக்காது. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இலும், ஸ்டெதஸ்கோப்பில் ஒலி கேட்டு மேல் கீழ் இரண்டையும் அறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இலும் கொண்டுவந்தனர்.

எழுந்து நிற்கும்போது நடப்பது

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும், புவியீர்ப்பினால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அழுத்தம் இறங்கப் பார்க்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை உடனே கண்டுகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சில நொடிகளில் இதயத்துடிப்பு கூடுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. நாள்தோறும் எத்தனையோ முறை நடக்கும் இந்த வேலை நமக்குத் தெரிவதே இல்லை.

இந்த ஏற்பாடு மெதுவாகவோ அரைகுறையாகவோ நடந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதனை நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்கிறார்கள். நீண்டகால நீரிழிவு நோயினால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், பல நாள் படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள், உடலில் நீர்ச்சத்து குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது மிகுதி.

வேறு இரண்டு வகைகளும் உண்டு. ஒன்று, உணவுக்குப் பின் வருவது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடலுக்கு இரத்தம் அதிகம் போகிறது. முதியவர்களுக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் குறையலாம். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்த பெரியவர் கைகழுவும் இடத்தில் தள்ளாடுவதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, இரத்தத்தைப் பார்த்தல், ஊசி, கடும் வலி, அதிர்ச்சி, நெடுநேரம் நிற்றல் இவற்றால் நரம்பு வழியாக இதயத்துடிப்பும் அழுத்தமும் ஒருசேரச் சரிந்து வரும் மயக்கம். இளம் வயதினருக்கு வரும் மயக்கங்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

'மயக்கம்' என்ற ஒரே சொல்

மருத்துவரிடம் போய் "மயக்கமா இருக்கு சார்" என்றால் அவர் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நினைவு தப்புவதும் மயக்கம், தலை சுற்றுவதும் மயக்கம், சோர்வும் தூக்கக் கலக்கமும் மயக்கம், வயிற்றைப் புரட்டுவதும் சிலருக்கு மயக்கம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இஞ்சிச் சாறு குடிப்பவர்களும் இதே உணர்வைத்தான் சொல்கிறார்கள்.

பிரித்துச் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். எழுந்தவுடன் கண் இருட்டி, காது அடைத்து, உட்கார்ந்ததும் தெளிந்தால் அழுத்தக் குறைவை நினைக்கலாம். படுக்கையில் புரண்டாலே அறை சுற்றினால் அது பெரும்பாலும் உட்காதைச் சேர்ந்தது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்து, தடுமாற்றம் வந்தால் முதலில் சர்க்கரை குறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, உள்இமை வெளுத்திருந்தால் அது இரத்தசோகையாக இருக்கலாம். நம் பெண்களிடம் 'லோ பி.பி.' என்ற பெயரில் உலவும் சோர்வில் கணிசமான பங்கு இரத்தசோகை என்பது என் எண்ணம். இரத்த அழுத்தக் கருவி அதனைக் காட்டாது; ஹீமோகுளோபின் பரிசோதனைதான் காட்டும்.

நிற்பவர்களும் வெயிலும்

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. அதனால் நடப்பவரைவிட அசையாமல் நிற்பவருக்கே மயக்கம் எளிதில் வரும். பள்ளிக் காலை வழிபாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுவதை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் வந்து, இருபது நிமிடம் வெயிலில் நேராக நிற்கும் பிள்ளைதான் விழும். ஓடியாடி விளையாடும் நேரத்தில் அதே பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. வழிபாட்டு உரையைச் சுருக்குவதும், நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்வதும் செலவில்லாத மருத்துவம்.

பெரியவர்களில் நாள் முழுவதும் நிற்பவர்கள் துணிக்கடை, நகைக்கடை, பல்பொருள் அங்காடி ஊழியர்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கேரளம் 2018-இல் இதற்கு எதிராகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ஐத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைநேரம் முழுவதும் நிற்பதால் வரும் உடல்நலக் கேடுகளே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. கால் நரம்புச் சுருட்டல்தான் அதிகம் பேசப்பட்டது என்றாலும், நின்ற நிலையில் இரத்தம் காலில் தேங்குவது என்ற ஒரே விஷயத்தின் இரு விளைவுகளே நரம்புச் சுருட்டலும் மயக்கமும். தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இவ்வசதி சொல்லப்பட்டிருந்தது. நாற்காலி வந்த கடைகளில்கூட அதில் உட்கார ஊழியர்கள் தயங்குவதைப் பார்க்கிறோம். அது சட்டத்தால் மட்டும் தீரக்கூடியதாகத் தெரியவில்லை.

இதனுடன் வெயிலும் சேர்ந்தால் ஆபத்து கூடும். வெப்பத்தை வெளியேற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையாக நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆக, குழாய் அகலமாகிறது, தொட்டியில் தண்ணீரும் குறைகிறது. கரையான்சாவடியில் ஆவடி சாலை பிரியும் இடத்தில் மே மாத நண்பகலில் அரைமணி நேரம் பேருந்துக்காக நின்றவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைக் காணப் பெருங்கூட்டம் திரண்டபோது, வெயிலாலும் நீரிழப்பாலும் பலர் மயங்கி விழுந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். அதே மாத இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெயிலில் வரும் எல்லா மயக்கமும் ஒன்றல்ல. நிழலில் படுக்கவைத்ததும் தெளிந்தால் அது அழுத்தக் குறைவு. உடல் நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறி, ஆளைத் தெரியாமல் பேசினால் அது வெப்பவாதம். அப்போது உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதியவர்களும் மாத்திரைகளும்

முதியவர்களுக்கு அழுத்தக் குறைவினால் வரும் பெரிய தீங்கு, கீழே விழுவதுதான். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, விளக்கைப் போடாமல் விறுவிறுவென்று போய், கழிவறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர் இல்லாத தெரு குறைவு. நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும் ஆண்களுக்கு அந்த நேரத்தில் அழுத்தம் மேலும் சரியக்கூடும். இரவில் உட்கார்ந்து கழிப்பது நல்லது. கழிவறைக் கதவை உட்பக்கம் தாழிடாமல் சாத்திவைப்பதும், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவதும் உயிர் காக்கும் ஏற்பாடுகள். வீட்டுப் பெரியவர்கள் இதற்குக் கூச்சப்படுவார்கள். பிள்ளைகள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளே அழுத்தத்தைக் குறைப்பதும் உண்டு. உயர் அழுத்த மாத்திரைகள், சிறுநீர் பெருக்கிகள், ஆண்களின் விரைசுரப்பி அல்லாத புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின், பார்க்கின்சன் நோய் மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவை இவ்வகை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாபில் வகை மாத்திரையைச் சேர்த்து எடுத்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியும்.

இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. படுத்திருக்கும்போது 160, நின்றால் 120 என்று இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டினால், பல நேரம் காரணம் அந்தப் பைக்குள்ளேயே கிடைத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு முதல் ஆறு மாதத்தில் அழுத்தம் ஓரளவு குறைவது இயல்பு. பிற்பகுதியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றல் வரலாம்; இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் சரியாகும். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்குடன் வரும் மயக்கம் இந்தக் கணக்கில் சேராது. அது அவசர நிலை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள்

அழுத்தம் மிகவும் குறைந்து, உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை அதிர்ச்சி நிலை எனப்படும். கை கால் சில்லிட்டு ஈரமாக இருத்தல், நாடித்துடிப்பு வேகமாகவும் மெலிந்தும் இருத்தல், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். நெஞ்சுவலியுடன் வந்த மயக்கம், கருப்பாகத் தார் போல மலம் போதல், விபத்துக்குப் பின் வயிற்றுவலி, குளவி கொட்டியபின் உடல் தடித்து மூச்சுத் திணறல், மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியுடன் மயக்கம், காய்ச்சலுடன் உளறல் இவற்றில் எதிலும் மோர் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

டெங்குவைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எண் ஏமாற்றும். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விடும் நேரத்தில், இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசியத் தொடங்கலாம். காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதியடையும் நேரமும் அதுவே. அப்போது மேல் அளவு உடனே குறையாது. கீழ் அளவு மேலேறி இரண்டும் நெருங்கிவரும். 100/85 என்று இருந்தால், 100 இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே அது அதிர்ச்சி நிலையின் தொடக்கம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, பிள்ளை துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் கூடாது.

சரியாக அளப்பது

வீட்டுக் கருவி காட்டும் குறைந்த எண்ணில் ஒரு பகுதி அளக்கும் முறையின் பிழை. கை இதய மட்டத்துக்கு மேலே பத்து சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், அளவு ஏழெட்டுப் புள்ளி குறைத்துக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை சுற்றினாலும் குறைத்துக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமீது வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். எழுந்தால் கண் இருட்டுபவர்களுக்கு உட்கார்ந்து அளந்த எண் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறையும், நின்றபின் ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளந்து, நேரத்துடன் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினால் மருத்துவருக்கு மிகவும் பயன்படும். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

சமாளிக்கும் முறைகள்

மயங்கி விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பதுதான் வழக்கமாகச் செய்யப்படும் தவறு. தலையைத் தாழ்த்தி மூளைக்கு இரத்தம் கிடைக்கச் செய்யவே உடல் அவரைக் கீழே சாய்த்திருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஓர் அடி உயர்த்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்கினால் போதும். மயக்கத்தில் சில நொடி கைகால் வெட்டுவது உண்டு. வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் பயன் இல்லை. நினைவு வரும்முன் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டாலோ, விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தாலோ மருத்துவமனை அவசியம்.

அடிக்கடி கண் இருட்டுபவர்கள் படுக்கையிலிருந்து எழும்போது முதலில் காலை ஆட்டி, பிறகு ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். நிற்கும்போது தலைசுற்ற ஆரம்பித்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவதும், இரு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுப்பதும் அழுத்தத்தைச் சற்று உயர்த்தும். உட்கார இடம் தேட அந்த அவகாசம் போதும். எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரைச் சில நிமிடத்தில் குடிப்பதும் பலருக்கு உதவும். வயிறு முட்ட ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடலாம். மிகச் சூடான நீரில் நெடுநேரம் குளிப்பதும் மதுவும் குழாய்களை விரிக்கும். காலுக்கு அழுத்தம் தரும் நீள உறைகள் சிலருக்குப் பயன்படுகின்றன. சென்னை வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டிருப்பது எளிதல்ல என்பதும் உண்மை.

வியர்வையினால் வந்த குறைவுக்கு நீர்மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, நீராகாரம் எல்லாம் நல்லவையே. வயிற்றுப்போக்குக்கு அவை போதா; ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டு காலராவில் பல்லாயிரம் உயிர்களைக் காக்க வழி காட்டினார். பொட்டலத்தில் எழுதியுள்ளபடி முழு ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது கெடுதல். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டம் தட்டிப் போட்டுக் கரைக்கலாம்.

உப்பை நாள்தோறும் கூட்டிச் சாப்பிடுவது வேறு விஷயம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிலைமாற்றத் தாழ் அழுத்தம் உறுதியான சிலருக்கு மருத்துவரே உப்பைக் கூட்டச் சொல்வார். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், உயர் அழுத்தம் உள்ளவர்கள் கேள்விப்பட்டதை வைத்து உப்பையோ நீரையோ கூட்டக்கூடாது. இவையெல்லாம் போதாதபோது ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் உள்ளன. மிடோட்ரின் படுத்த நிலையில் அழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தும் என்பதால், அதனை எழுந்து நடமாடும் பகல் வேளையில் மட்டுமே எடுக்கச் சொல்வார்கள். கடைசி வேளை மருந்துக்கும் தூங்கப் போவதற்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும்.